கயிறு பிடித்த கை



நம்ம ஊர் முத்துக்குளிப்பு என்றாலே எல்லோரும் முத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் நர்ஸ் வேலை பார்ப்பவர்கள் கவனித்துப் படியுங்கள்.

10 மீட்டர் ஆழம் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகி, நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் சிப்பி கிடக்கும் பார்கள் பலவும் அந்த ஆழத்திலோ அதற்குக் கீழேயோதான். கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி இறங்குபவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். தோணியில் கயிறு பிடிப்பவருக்குக் கண்ணும் கையும்தான் கருவி. கயிறு சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். ஏறியவருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் வருவதுண்டு. மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று நம் பக்கம் சொல்வார்கள்; அக்காள் தாலி அவன் கையில் அல்லவா!

சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிக்கும் சலாபத்தில் அந்தக் காலத்தில் பங்கு இருந்தது. எனக்கென்னவோ சுறாவைவிட மூச்சுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

மூச்சடக்கி மூழ்கும்போது இதயத்துடிப்பு குறையும். ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணை முத்துக்குளிப்பவர்களிடம் இதை ஆராய்ந்து ஸ்கொலாண்டர் குழுவினர் 1962-ல் வெளியிட்டார்கள். நம் கரையில் கடைசிச் சலாபம் 1961-லேயே முடிந்துவிட்டது.

சங்குகுளிப்பு நிற்கவில்லை. இப்போது கம்ப்ரசர் குழாயோடு இறங்குபவர்கள் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் அந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும். மூட்டு வலிக்கும், கால் மரக்கும், மூச்சு திணறும். வார்டில் நாடி பார்த்து, முழு நிமிடம் மூச்சை எண்ணும்போது, "அண்ணாச்சி, கடல்ல இறங்கினீங்களா?" என்றும் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.