இண்டிகேட்டர் வந்த கதை

போன மாதம் ஒரு நாள் மெயின் ரோட்டிலிருந்து நம் கேட்டுக்குள் இடது பக்கம் திரும்பினேன். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன். இடது ஓரமாகப் பின்னால் வந்த ஸ்கூட்டர், என் கதவுக்கு ஒரு சாண் தள்ளி பிரேக் அடித்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு முன்னால் சீருடையில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. "இண்டிகேட்டர் போட மாட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது விளக்கு எரியவே இல்லை. காருக்குள் டிக் டிக் சத்தம் நாலு நாளாகவே வேக வேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கண்டுகொள்ளவில்லை.

அந்த பல்பை நானே மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான், இந்தச் சின்ன விளக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கைதான் இண்டிகேட்டர். வலது பக்கம் திரும்ப வலது கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப அதே கையை நீட்டி வட்டமாகச் சுற்ற வேண்டும். லாரியில் என்றால் கிளீனர் இடது பக்கக் கதவைத் தட்டிக்கொண்டே கையைக் காட்டுவார். பகலில் இது சரி. இருட்டில், மழையில் எந்தக் கை யாருக்குத் தெரியும்?

இதற்கு ஒரு வழி யோசித்தவர்களில் ஒருவர், நீங்கள் எதிர்பார்க்கவே மாட்டீர்கள், ஒரு சினிமா நடிகை. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ், கனடாவில் பிறந்து அமெரிக்க மௌனப் படங்களில் பெரும் புகழ் பெற்றவர். கார் ஓட்டுவதில் அவருக்குக் கொள்ளைப் பிரியம். 1914 வாக்கில், பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் ஒரு கொடி எழுந்து திரும்பும் திசையைக் காட்டும் அமைப்பைச் செய்தார். பிரேக்கை மிதித்தால் 'நில்' என்று எழுதிய பலகை மேலே வரும்படி இன்னொன்றும் செய்தார். இன்றைய பிரேக் லைட்டின் வேலையை அந்தப் பலகை செய்தது. இரண்டுக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. 1938 டிசம்பரில் இறந்துபோனார்.

ஐரோப்பாவில் வேறு வழி பிடித்தார்கள். கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடக்கும் ஒரு குட்டிக் கை, சுவிட்சைப் போட்டதும் ரயில்வே கைகாட்டி மாதிரி வெளியே வந்து நிற்கும். அதற்குள் ஒரு சின்ன பல்பு எரியும். இதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். மாரிஸ் மைனர் கார்களில் இது இருந்தது. அந்த மாரிஸ் மைனர்தான் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் தயாரானது. அழகான ஏற்பாடுதான், ஆனால் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் தூணில் ஒரு குத்து விட்டால்தான் கை வெளியே வரும். வெளியே வந்ததைச் சைக்கிள்காரர் இடித்து உடைக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

சிமிட்டும் விளக்கு இந்தத் தொல்லைகளை எல்லாம் தீர்த்தது. 1939 மாடல் பியூக் கார்களில் பின்பக்கம் மட்டும் வந்தது. 1940 மாடலில் முன்பக்கமும் வந்தது, திரும்பி முடித்ததும் தானே அணையும் வசதியும் சேர்ந்தது. சிமிட்ட வைத்தது ஒரு எளிய உத்தி. மின்சாரம் பாயும்போது ஒரு உலோகப் பட்டை சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் பழைய நிலைக்கு வந்து மறுபடி இணைக்கும். டிக் டிக் என்று நாம் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். பல புதிய கார்களில் அப்படி எந்தப் பட்டையும் இல்லை, ஸ்பீக்கர் வழியாக அதே சத்தத்தைப் போலியாகப் போடுகிறார்கள். அது இல்லாமல் நமக்கு ஓடாது போலிருக்கிறது!

இங்கேதான் என் தவறு. ஒரு பல்பு 21 வாட், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பழைய ஃப்ளாஷரில் ஒரு பல்பு போனால் தாளமே கெட்டுவிடும், சிலவற்றில் சிமிட்டல் நின்றே போகும். பிறகு வந்த எலக்ட்ரானிக் ரிலேயில் இந்தக் குறையையே எச்சரிக்கையாக மாற்றினார்கள்: மின்சாரம் குறைந்தால் சிமிட்டல் வேகம் கூடும். ஆக, வேகமான டிக் டிக் கேட்டால் ஒரு பல்பு போய்விட்டது என்று பொருள்.

மாற்றுவது எப்படி? காரை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கண்ணாடி ஆறட்டும். டிக்கியைத் திறந்தால் பெரும்பாலான கார்களில் விளக்குக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். சிலவற்றில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி விளக்கையே வெளியே எடுக்க வேண்டும். ஹோல்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் கையோடு வரும். அதிலிருந்து பல்பை அழுத்தித் திருப்பி எடுங்கள். துப்பாக்கி முனையில் கத்தி மாட்டும் முறை இது. நம் வீட்டு குண்டு பல்பும் இப்படித்தான், அதனால் நம் கைக்குப் பழக்கம். அடியில் உலோகமே இல்லாத பல்பு என்றால் திருப்பாமல் நேராக இழுக்க வேண்டும்.

பழைய பல்பைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன அல்லவா, அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். எதிரெதிராக, ஒரே உயரத்தில் இருந்தால் சாதா வெள்ளை பல்பு. முன்பெல்லாம் வெளிக் கண்ணாடியே ஆரஞ்சு நிறம், அதனால் உள்ளே வெள்ளை பல்பு போதும். 1990களில் நிறமில்லாத கண்ணாடி ஃபேஷன் பரவியபோது பல்புக்கே ஆரஞ்சு பூச வேண்டியதாயிற்று. யாராவது அதில் வெள்ளை பல்பைப் போட்டால் இண்டிகேட்டர் வெள்ளையாகச் சிமிட்டுமே! அதற்காகத்தான் ஆரஞ்சு பல்பில் ஒரு குமிழைச் சற்று நகர்த்தி வைத்தார்கள். மாற்றிப் போட்டால் உட்காராது. டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில் இருந்தால் உள்ளே இரண்டு இழை, 5 வாட்டும் 21 வாட்டும். அதில் குமிழ்கள் வேறு வேறு உயரத்தில் இருக்கும், தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது என்று. உட்காரவில்லை என்றால் பலவந்தமாக அழுத்தாதீர்கள், அது தவறான பல்பு.

எல்ஈடி பல்பு போடலாமா என்று கேட்கிறீர்களா? அது குறைவாகவே மின்சாரம் இழுக்கும். ரிலே, பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வேகமாக அடிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் நிஜமாகவே ஒன்று போனாலும் தெரியாது. தொழிற்சாலையிலேயே எல்ஈடி வைத்து மூடிய விளக்கு உள்ள புதிய கார்க்காரர்களுக்கு இந்தப் பத்து நிமிட வேலையே கிடையாது. கெட்டால் பெரும்பாலும் முழு விளக்கையும்தான் மாற்ற வேண்டும், செலவும் அதற்குத் தக்கபடி.

பல்பு எரிகிறதா என்று பார்க்க இன்னொருவர் தேவையில்லை. இரவில் பேஸ்மென்ட்டில் சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தும்போது இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, பிரேக்கையும் ஒரு முறை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் ஆரஞ்சும் சிவப்பும் விழும். நான் இப்போது வாரம் ஒரு முறை பார்க்கிறேன்.