இரவுத் தங்கிடமும் அரசு மானியமும்

2011 பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் வீதிக்குச் சென்றனர். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, புகைவண்டி நிலையம், கோயில் மண்டபம் ஆகிய இடங்களில் உறங்கியோரை அன்றிரவு எண்ணினர். அவ்வாறு நாடு முழுவதும் எண்ணப்பட்டவர் 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களுள் 9 இலட்சத்து 38 ஆயிரம் பேர் நகரங்களில் இருந்தவர்கள். பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த நமக்கு, முதல் நாள் இரவு தலைசாய்க்க உறவினர் வீடோ நண்பர் அறையோ கிடைத்திருக்கலாம். அதுவும் கிட்டாதவர்க்கு அரசு என்ன செய்தது என்னும் வரலாற்றைச் சிறிது காண்போம்.

மத்திய அரசு 1988-89-ஆம் ஆண்டில் பெருநகர் நடைபாதைவாசிகளுக்கென ஒரு திட்டம் வகுத்தது. ஹட்கோ எனப்படும் வீட்டுவசதி நகர வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாகக் கடனும் மானியமும் அளித்து, இரவுத் தங்கிடங்களும் கழிப்பிடங்களும் கட்டுவிப்பது அதன் நோக்கம். 2002-இல் அது திருத்தியமைக்கப் பெற்றது. எனினும் மாநிலங்கள் பல அத்தொகையைப் பெற்றுச் செலவிட முன்வரவில்லை. ஆகவே 2005-இல் திட்டமே கைவிடப்பட்டது. வீடற்றோர் குறைந்துவிட்டதால் அன்று, பணம் செலவாகாமையால் அது முடிந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

2009 டிசம்பர் மாதக் கடுங்குளிரில், தில்லிப் பூசா சாலையில் இருந்த தற்காலிகத் தங்கிடம் ஒன்று மாநகராட்சியால் அகற்றப்பட்டது. அப்போது உணவு உரிமை குறித்து 2001 முதல் ஒரு வழக்கு நடைபெற்று வந்தது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் அமர்த்தியிருந்த ஆணையர்களான என். சி. சக்சேனா, ஹர்ஷ் மந்தர் ஆகியோர் வீடற்றோர் நிலையை நீதிமன்றத்துக்கு எழுதினர். 2010-இல் நீதிமன்றம் தில்லியில் உடனே தங்கிடங்கள் அமைக்கப் பணித்தது. பின்னர்ப் பிற பெருநகரங்களையும் அவ்வாறே கேட்டது. இலட்சம் மக்களுக்கு ஒரு தங்கிடம் என்பது அளவுகோலாயிற்று.

2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது, வீடற்றோர் தங்கிடமும் அதில் ஒரு பகுதியாக இடம்பெற்றது. ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என விதித்தனர். கட்டடச் செலவோடு நில்லாமல், 50 பேர் தங்கும் இல்லத்தை நடத்த ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபாய் ஐந்தாண்டு வரை என்றும் வகுத்தனர். கணக்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 33 ரூபாய். காவலாளர் சம்பளமும், போர்வையும், விளக்கும், துப்புரவும் இதனுள் அடங்க வேண்டும். இத்தொகையும் பல இடங்களில் உரியவாறு பயன்படவில்லை என்ற முறையீட்டின்மேல், 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 செப்டம்பரில் அவ்வியக்கத்தின் காலம் முடிவுற்றது.

பழைய வழக்கம் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிப்போக்கர்க்குச் சத்திரம் எழுப்பினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. கட்டடம் முடிந்ததும் கடமை முடிந்தது என்று அவர்கள் கருதவில்லை. அடுப்பெரியவும் விளக்கெரியவும் வேண்டிய வருவாய்க்காகச் சத்திரங்களுக்கு நிலமும் மானியமாக விட்டனர். மானியம் என்னும் சொல்லே அத்தகைய நிலத்தைக் குறித்து வழங்கியதன்றோ?

ஆகவே நம் ஊரில் தங்கிடம் ஒன்று திறக்கப்படும்போது, கட்ட எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் கேட்டுத் திரும்பாமல், அதனை நடத்த அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் நகராட்சியைக் கேட்போம். மார்கழிக் குளிரில் கதவு திறந்திருப்பதும் பூட்டியிருப்பதும் அந்த விடையைப் பொறுத்தனவே.