பூசக் கூடாது, தின்னலாமாம்!

1907இல் அமெரிக்க அரசு, அப்போது புழங்கிய ஏறக்குறைய 80 நிலக்கரித் தார்ச் சாயங்களில் 7 மட்டுமே உணவுக்கு ஏற்றவை என்று பொறுக்கி எடுத்தது. அதில் ஒன்று ஆரஞ்சு 1. 1950 ஹாலோவீன் சமயத்தில் அந்தச் சாயம் போட்ட மிட்டாய் தின்ற பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. சில ஆண்டுகளில் அதை உணவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அந்த ஏழில் இன்னொன்று எரித்ரோசின், அதாவது சிவப்பு 3. இதன் கதைதான் வேடிக்கை. அளவுக்கு அதிகமாகக் கொடுத்ததில் ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்தது. விலங்குக்குப் புற்றுநோய் தரும் சாயத்தை அனுமதிக்கக் கூடாது என்று 1960இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆகவே 1990இல் உதட்டுச்சாயத்தில் தடை போட்டார்கள். மிட்டாயில்? அப்படியே விட்டுட்டாங்க!

உணவிலும் கூடாது என்று சொல்ல 2025 சனவரி ஆகிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு! எலிக்கு வந்த வழியில் மனிதருக்கு வராது என்றும் அதே துறைதான் சொல்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் சட்டம் சட்டம்தானே? இன்னும் உணவு நிறுவனங்களுக்கு 2027 சனவரி வரை அவகாசம் வேறு.

வகுப்பில் மிட்டாய் உறைகளைக் கொண்டுவரச் சொல்லித் தேடவிடலாம். பொருள் பட்டியலில் 127 என்ற எண் இருந்தால் அது எரித்ரோசின்.