தக்கை ஆடினால் யார் இழுப்பது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் வரலாறு படித்த மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறார். அங்கே குளிர்காலத்தில் ஏரி மேல்பரப்பு பாறை மாதிரி உறைந்துவிடும். அதில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். இரண்டு விதமான கருவிகளை வீடியோ எடுத்து அனுப்பி, "சார், நம்ம ஊர் தக்கைத் தூண்டிலுக்கு இதில் எது அண்ணன், எது தம்பி? எது உசத்தி?" என்று கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் யோசிக்க யோசிக்க அது நம் தொண்டை நாட்டிலிருந்து மதராஸ் ஐஸ் ஹவுஸ் வழியாக ஒரு சட்டப் புத்தகம் வரை இழுத்துக்கொண்டு போனது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு கருவிகள். ஒன்றுக்கு டிப்-அப் என்று பெயர். துளையின் குறுக்கே ஒரு சட்டம் வைத்திருப்பார்கள். நரம்பு சுற்றிய உருளை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். வெளியே இருந்தால் உறைந்துபோகும். மேலே ஒரு சிறு கொடியை வளைத்து மாட்டியிருப்பார்கள். மீன் இரையைக் கவ்வி இழுத்தால் உருளை சுற்றும், கொக்கி விலகும், கொடி நிமிரும். அவ்வளவுதான் அதன் வேலை. தூரத்தில் நிற்கும் ஆள் கொடியைப் பார்த்து ஓடிவந்து, நரம்பைக் கையில் பிடித்து, சரியான நேரத்தில் சுண்டி இழுக்க வேண்டும்.

இரண்டாவது தானாகவே முள்ளை ஏற்றும் கருவி. ஒரு தாங்கியில் தூண்டில் கம்பை வில் போல வளைத்து, ஒரு விசையில் மாட்டி வைப்பார்கள். மீன் இரையைத் தொட்டு அசைத்ததும் விசை விடுபடும். கம்பு மேலே துள்ளும். அந்தத் துள்ளலில் முள் மீனின் வாயில் ஏறிவிடும். ஆள் வந்து சுற்றி எடுத்தால் போதும்.

முதலாவது மனிதனுக்குச் சேதி சொல்கிறது. இரண்டாவது மனிதன் செய்ய வேண்டியதைத் தானே செய்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நம் தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் அந்தத் தொண்டை நாட்டில் அடக்கம். அதில் பாணர் குலத்து ஆள் ஒருவர் மீன் பிடிக்கும் காட்சி வருகிறது. தோல் பையில் பச்சை இறைச்சி இரை. கையில் நீண்ட மூங்கில் கழி. அது நடுங்கும்படி கட்டிய கயிறு. அதன் முனையில் வளைந்த இரும்பு முள். ஒரு வாளை மீன் வந்து இரையைக் கவ்விக்கொண்டு, முள்ளை வெறுமையாக விட்டுத் தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மீன், கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினாலே, அதைத் தூண்டிலாக எண்ணி மிரள்கிறதாம்!

அந்த நுட்பத்தைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனங்கள் இன்று கருவி செய்து விற்பது எந்தச் சிக்கலைத் தீர்க்கவோ, அதே சிக்கல்தான் இது. மீன் கடித்ததற்கும் மனிதன் இழுப்பதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறது.

நம் ஏரிகளில் அந்த நொடிக்கு இரண்டு வைத்தியம் இருந்தது. ஒன்று தக்கை. நெட்டித் துண்டோ மயில் இறகுத் தண்டோ நரம்பில் கட்டி, கீழே சிறு ஈயம். மண்புழுவோ மைதா உருண்டையோ இரை. தக்கை துடிப்பதைப் பார்த்து உடனே சுண்ட வேண்டும். கெண்டை மீன் இரையைக் கொறித்துப் பார்க்கும், முள் நெருடினால் துப்பிவிடும். அதற்குக் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யவேண்டும். மற்றொன்று கரையில் குத்தி வைக்கும் தூண்டில். வளையும் கம்பு, தடித்த நரம்பு, உயிருள்ள தவளையோ சிறு மீனோ இரை. இது விராலுக்கு. விரால் கொறிப்பதில்லை, பாய்ந்து கவ்வும். கவ்வியதும் இழுக்கக் கூடாது. உள்ளே வாங்கக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். கம்பே வளைந்து கொடுத்து மீனைக் களைப்பாக்கிவிடும். சேலையூர், மாடம்பாக்கம் ஏரிக்கரைகளில் இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். தக்கைக்காரர் பேசினாலும் கண் தண்ணீரில்தான் இருக்கும். குத்து தூண்டில்காரர் புளியமரத்தடியில் சாய்ந்திருப்பார். ஆனால் அவரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை.

பனி ஏரியிலும் இதே கணக்குதான். அங்கே பைக் என்றொரு மீன் உண்டு. நம் வாளை மாதிரி நீண்ட வாய், கூரிய பல். அது இரை மீனைக் குறுக்காகக் கவ்வி, சற்றுத் தூரம் போய், தலைப்பக்கமாகத் திருப்பித்தான் விழுங்கும். முதல் தொடுதலிலேயே சுண்டினால் இரைதான் கையில் மிஞ்சும். ஆகவே பைக்குக்குக் கொடி வைத்த டிப்-அப்தான் பொருத்தம். நரம்பு தடையில்லாமல் ஓடும், மீனுக்கு அவகாசம் கிடைக்கும். மெல்லத் தொட்டுத் துப்பும் சிறு மீன்களுக்கும் டிரவுட்டுக்கும் தானே சுண்டும் கருவி பொருத்தம். எந்த மனிதக் கையும் அந்த வேகத்தில் வராது. ஆனால் விசையை இறுக்கி வைத்தால் சிறு மீனுக்கு அசையாது. தளர்த்தி வைத்தால் காற்றடித்தாலே துள்ளிவிடும். கொடியும் பலத்த காற்றில் பொய்ச் சேதி சொல்வதுண்டு. அதில் நட்டம், சும்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

என் மாணவருக்கு இதுதான் பதில்: தக்கைக்கு அண்ணன் டிப்-அப். குத்து தூண்டிலுக்குத் தம்பி அந்தத் தானியங்கி. வேடிக்கை என்னவென்றால், மீனைப் பொறுத்தவரை உறவு மாறிவிடுகிறது. நம் கெண்டைக்குக் கண்ணும் கையும் செய்த வேலையை அங்கே விசை செய்கிறது. நம் விராலுக்குக் குத்து தூண்டில் கொடுத்த அவகாசத்தை அங்கே கொடித் தூண்டில் கொடுக்கிறது. எது உசத்தி என்பதை மீனின் வாய்தான் தீர்மானிக்கும்.

இப்போது ஐஸ் ஹவுஸ் கதை. ஹென்றி டேவிட் தோரோவை உங்களுக்குத் தெரியும்; காந்தியைப் பற்றிய பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அவர் மாசசூசெட்ஸில் வால்டன் குளக்கரையில் 1845 முதல் 1847 வரை குடிசை போட்டு வாழ்ந்து, 1854-ல் 'வால்டன்' நூலை வெளியிட்டார். குளிர்காலக் குளத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு மீனவரின் எளிய உபாயத்தைச் சொல்கிறார். பனியில் போட்ட துளை மேல் ஒரு மரக்கிளை. நரம்பின் முனை ஒரு குச்சியில் கட்டப்பட்டிருக்கும். தளர்ந்த நரம்பைக் கிளை மேல் போட்டு, அதில் ஒரு காய்ந்த ஓக் இலையைக் கட்டியிருப்பார். மீன் இழுத்தால் இலை கீழே இறங்கும். இன்றைய கொடியின் பாட்டன் அந்த இலை.

அதே அத்தியாயத்தில் மதராஸ் பெயரும் வருகிறது! 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் ஆட்கள் வந்து ஐஸ் வெட்டி அடுக்கினார்கள். அந்த வட்டாரத்து ஐஸ் கப்பலேறி நம் ஊர் வரை போவதை எண்ணி, மதராஸ்காரர்களும் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்ற பொருளில் தோரோ எழுதியிருக்கிறார். அமெரிக்க ஐஸ் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் அந்த ஐஸை இறக்கி வைக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் நம் கடற்கரை ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பனி ஏரி என்பது நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அதே நூற்றாண்டில் இங்கே என்ன நடந்தது? மதராஸ் மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பிறகு 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூல். அதே 1873-ல் மதராஸ் படை மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் பற்றி அறிக்கை கொடுத்தார். (சென்னைக்கு இடம் வாங்கிய பிரான்சிஸ் டே வேறு, அவர் 1639. தேர்வில் குழப்பாதீர்கள் என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை!) எந்த மாவட்டத்தில் எப்படி மீன் பிடிக்கிறார்கள், எங்கே குஞ்சு மீன்கள் வரை அழிகின்றன என்று தொகுத்து, கட்டுப்பாடு வேண்டும் என்றார்.

கடைசியில் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் தடை செய்தது. அதோடு, நிலத்தில் ஊன்றியோ வேறு விதத்திலோ ஓரிடத்தில் நிலையாக வைத்து மீன் பிடிக்கும் வலை, கூடு, பொறி ஆகியவற்றைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றை ஒழுங்குபடுத்தவும் தடுக்கவும் விதிகள் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது.

இந்தப் பிரிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மனிதன் தூங்கினாலும் வேலை செய்கிற கருவி மேல் சட்டத்தின் கண் விழுகிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான். மினசோட்டாவில் திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில், பனி ஏரியில் இரண்டு. போட்டுவிட்டுப் போய்விட முடியாது, பக்கத்தில் இருக்க வேண்டும். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், பொறுப்பு அதை வைத்த ஆளுடையது.

நம் முன்னோர் இந்தப் பொறுப்பை ஏரிக்கே நீட்டினார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. பழைய கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்ற சொல் உண்டு. ஏரி மீன் உரிமையிலிருந்து வரும் வருமானம். இன்றும் மீன்பாசிக் குத்தகை என்கிறோம். மீன் வருமானத்தை ஏரியைத் தூர்வாரச் செலவிட்ட வழக்கமும் இருந்தது. பிடிப்பவன் காக்கவும் வேண்டும் என்பது கணக்கு.

இன்று நிலைமை உங்களுக்கே தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்த சங்கிலி அது. கால்வாய்கள் குறுகின, சாக்கடை கலந்தது. கெண்டையும் விராலும் குறைந்து, 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் பெருகியது. 2015 டிசம்பரில் முடிச்சூரில் தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்குள் வந்ததையும் பார்த்தோம். ஏரிகளும் பல வருடங்களாகச் சேதி சொல்லிக்கொண்டுதான் இருந்தன. தக்கை ஆடியது. பார்க்க வேண்டியவர்களில் நாமும் உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2022-ல் பள்ளிக்கரணை ராம்சர் தகுதி பெற்றது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் ஊர்மக்கள் விடாமல் குரல் கொடுத்ததும், சீரமைப்பு வேலை நடந்ததும் நாம் அறிந்ததே. அதனால் ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுந்து கிடக்கும் நைலான் நரம்பைக் கண்டால் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். ஆள் இல்லாமல் கிடக்கும் அந்த நரம்பும் ஒரு தானியங்கிக் கருவிதான். கொக்கின் காலில் சுற்றினால் அவிழ்க்க யாரும் வரமாட்டார்கள்.

உங்கள் தாத்தா, மாமா, சித்தப்பா யாராவது நம் பக்கத்து ஏரியில் தூண்டில் போட்டிருந்தால், எந்த ஏரி, என்ன மீன், தக்கைக்கு எதைக் கட்டினார்கள் என்று கீழே எழுதுங்கள். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

எல்லோரும் நலமாக இருங்கள்.