திருகோணமலைத் துறைமுகமும் துணைத் துப்பாக்கியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பீரங்கிகளையே கணக்கிட்டனர். எந்தக் கோட்டையில் எத்தனை பீரங்கிகள் நின்றன, எந்தக் கப்பல் எத்தனை தாங்கியது என்பனவே ஏடுகளில் நிறைந்துள்ளன. ஆயின், மதிலேறிய மாலுமியின் அரைக்கச்சையிற் செருகியிருந்த சிறு படைக்கலத்தைப் பற்றிப் பேசுவார் அரியர். அது முதற் படைக்கலம் அன்று. முதற் படைக்கலம் கைவிட்டபோது எடுக்கப்படும் துணைப் படைக்கலம். இக்காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய துணைத் துப்பாக்கிகளுக்கென்றே தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுக்குரிய குறுஞ்சுழல் துப்பாக்கியை எங்ஙனம் தேர்வது என்னும் வினா புதியது போலத் தோன்றலாம். இத்துறைமுகத்தை நெடுங்காலம் ஆண்ட பிரித்தானியரோ அவ்வினாவுக்குப் பலமுறை விடை கூறிப் பலமுறை அவ்விடையை மாற்றினர்.

1782 ஆம் ஆண்டு சனவரியில் சேர் எட்வேட் ஹியூஸ் தலைமையில் வந்த ஆங்கிலக் கடற்படை ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பெற்று, 11 ஆம் நாள் ஒசுத்தன்பேர்க்குக் கோட்டையையும் தாக்கி வென்றது. அவ்வாண்டு ஓகத்து மாத இறுதியிற் பிரான்சியத் தளபதி சஃப்றேன் இரண்டையும் பறித்துக்கொண்டான். அக்காலத்து ஆங்கில மாலுமிக்கு வழங்கப்பட்ட கைத்துப்பாக்கி ஒரே வெடி தீர்ப்பது. 12 அங்குலக் குழல் உடையது. இடைவாரில் மாட்டுதற்கு ஒரு கொளுவியும், பிடியின் அடியிற் பித்தளைக் கவசமும் கொண்டது. வெடி தீர்ந்தபின் மீண்டும் மருந்திட நேரம் ஏது? திருப்பிப் பிடித்தால் அதுவே தண்டாயுதம். பின்னாளிற் குழலை 9 அங்குலமாகக் குறைத்த துப்பாக்கிகளும் வழங்கலாயின. நெருக்கமான கப்பல் தளத்தில் நீளம் துணையாகாது, தடையே ஆகும் என்பதை அனுபவம் கற்பித்தது போலும்.

ஒரு வெடியைப் பல வெடியாக்கியது சுழலுருளை. அதனைச் செம்மைப்படுத்திய சாமுவேல் கொல்ற்று, 1830 இற் பொசுத்தனிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற 'கோர்வோ' என்னும் கப்பலிற் பணிபுரிந்தவேளை மரத்தில் அதன் மாதிரியைச் செதுக்கினான் என்பர். 1836 இல் அவன் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றான். 1851 இல் இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் அவனுடைய துப்பாக்கியும் ஆங்கிலேயரான றொபேட் அடம்சின் துப்பாக்கியும் எதிரெதிரே நின்றன. முன்னதில் ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரலாற் சுத்தியைப் பின்னிழுத்தல் வேண்டும்; பின்னதில் விசையை அழுத்துதலே போதும். கொல்ற்றின் கடற்படை மாதிரியின் துளை 0.36 அங்குலம். கிரிமியப் போரின்போது, 1854 இல், பிரித்தானியக் கடற்படை அதனையே வாங்கிற்று. ஆயின் 1857 இல் இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியின் பின்னர், அச்சிறு குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்ற முறைப்பாடு படையதிகாரிகளிடையே எழுந்தது. பெருந்துளைக் கட்சி வென்றது. 1887 இல் 0.455 அங்குல வெப்ளி அரச துப்பாக்கியாயிற்று. 1915 இல் வெளிவந்த அதன் ஆறாம் மாதிரி ஏறக்குறைய 38 அவுன்சு நிறையும் 6 அங்குலக் குழலும் உடையது.

இதே வெப்ளி நிறுவனம் 1872 இல் 'புல்டோக்கு' என்னும் குறுந்துப்பாக்கியையும் வெளியிட்டிருந்தது. இரண்டரை அங்குலக் குழல், ஐந்து தோட்டா, மேலங்கிப் பையில் அடங்கும் உருவம். ஆயினும் துளை பெரிது. சுமப்பதற்கு இனிய இக்கருவி சுடுவதற்கு இனியதன்று. நிறை குறையக் குறையப் பின்னுதைப்பு கையைத் தாக்கும். குழல் குறுகக் குறுகக் குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்வெட்டுக்கும் இடைத்தூரம் சுருங்கிச் சிறு பிழையும் பெரும் பிழையாகும். குறுந்துப்பாக்கியைத் தேர்வோர் அனைவரையும் இன்றுவரை வருத்தும் முரண் இதுவே.

முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானியப் படை தன் முடிவை மீளாய்ந்தது. குறுகிய காலமே பயிற்சி பெற்ற வீரன் பெருந்துளை வெப்ளியை அடக்கியாள்வது அரிது. எனவே 1932 இல் 0.38 அங்குலத் துளையும் 200 கிறெயின் குண்டும் கொண்ட 'என்பீல்டு' ஏற்கப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 27 அவுன்சே. குண்டின் பருமனைக் காட்டிலும் அது இலக்கிற் படுதலே முதன்மை என்பதை அரசே ஒப்புக்கொண்டது எனல் தகும். 1938 இற் சுத்தியின் கொம்பையும் நீக்கினர். போர்த்தாங்கியினுள் அது எதிலேனும் சிக்கியமையே காரணம். இரண்டாம் உலகப் போரில் உள்நாட்டு உற்பத்தி போதாமையால் அமெரிக்க சிமித்து அண்டு வெசன் நிறுவனத்திடமிருந்து அதே துளையுடைய துப்பாக்கிகள் ஐந்து இலட்சத்துக்கு மேல் வந்தன. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாளில் இச்சிறு கருவிகளால் ஆனது ஒன்றுமில்லை. எனினும், 1957 இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரை இங்கு நின்ற அதிகாரிகளின் இடைவாருக்கு உரியவை இவையே.

குறுமையின் கதை அமெரிக்காவில் தொடர்ந்தது. 1927 இற் கொல்ற்று நிறுவனத்தின் 'டிற்றெக்ரிவ் பெசல்' இரண்டு அங்குலக் குழலுடன் ஆறு தோட்டா கொண்டு வந்தது. 1950 இற் சிமித்து அண்டு வெசன் ஐந்து தோட்டாவுடன் இன்னும் மெல்லியதொன்றைத் தந்தது; அதன் உருக்கு உடல் ஏறக்குறைய 20 அவுன்சு. அலுமினியக் கலவையாலான அதன் உறவுத் துப்பாக்கிகள் 15 அவுன்சளவே. நாள் முழுதும் பையிற் சுமப்போன் பின்னதை நாடுவான். போட்டியாளனோ பல சுற்று வெடி தீர்த்தல் வேண்டும்; அவனுக்கு உருக்கின் அந்த ஐந்து அவுன்சு சுமையன்று, உதவி. விரல்கள் மூன்றும் அமரும் பிடியும், நடுங்காது இழுக்கத்தக்க விசையும், கண்ணுக்குத் தெளிந்த குறிமுனையும் அவன் அடுத்து நோக்குவன. வலுமிகு மக்னம் தோட்டாவை விடுத்து இயல்பான 0.38 ஐக் கொள்ளின் அடுத்த வெடி விரைவில் இலக்கிற்குத் திரும்பும். துணைத் துப்பாக்கிப் போட்டிகளில் ஒரு தொடருக்கு ஐந்து வெடியே எனும் கட்டுப்பாடு வழக்கமாதலின், ஆறாம் தோட்டா உடையவனுக்கும் அதனாற் பெரும் பயனில்லை.