குயில்ட் மிச்சத் துணியில் பருவகால வீட்டு அலங்காரங்கள்

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஊடுருவித் தைத்த போர்வை குயில்ட் எனப்படுகிறது. அதற்கு வெட்டியது போக மிஞ்சும் பருத்தித் துண்டுகளிலிருந்து கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஹாலோவீன் போன்ற நாள்களுக்கு வீட்டை அலங்கரிக்கும் பொருள்களைத் தைப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் பரவலான கைவேலை. மரத்தில் தொங்கும் நட்சத்திரம், கதவில் மாட்டும் வளையம், மேசை விரிப்பு, துணிப் பூசணி, கொடித் தோரணம் ஆகியவை இதில் அடங்கும்.

மிச்சம் விழுவதற்குக் காரணம் துணியின் அளவிலேயே இருக்கிறது. குயில்ட் துணி பெரும்பாலும் 42 முதல் 44 அங்குல அகலத்தில் வருகிறது. போர்வையின் மேல்பகுதியோ சதுரம், முக்கோணம், பட்டை என்று நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளால் ஆனது. எந்தப் பட்டையை வெட்டினாலும் கடைசியில் ஒரு வால் மிஞ்சும். மூலை முக்கோணங்களைத் தைத்தபின் வெட்டியெறியும் ஓரங்களும் சேரும். இவை அடுத்த போர்வைக்குப் போதாது. உள்ளங்கை அகலமே உள்ள அலங்காரப் பொருளுக்குத் தாராளமாகப் போதும். தைப்பவர்கள் இவற்றை நிறவாரியாகப் பிரித்துப் பெட்டிகளில் போட்டு வைப்பது வழக்கம்.

துண்டுத் துணியை வீணாக்காத பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓரளவு சட்டத்தின் நெருக்கடியாலும் வளர்ந்தது. சோழமண்டலக் கரையில் கலம் என்ற எழுதுகோலால் வரைந்து, சாயவேரின் சிவப்பேற்றி அனுப்பப்பட்ட சீட்டித் துணிக்கு ஐரோப்பாவில் பெரும் மோகம் இருந்தது. உள்ளூர் நெசவாளரைக் காக்க பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் இயற்றியது; பின்னது 1774-இல்தான் நீங்கியது. கிடைத்த சிறு சீட்டித் துண்டிலிருந்தும் பூவையும் பறவையையும் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் பதித்துத் தைக்கும் முறை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செழித்தது. இன்றைய கிறிஸ்துமஸ் விரிப்புகளில் அச்சுத் துணியிலிருந்து மணியையும் மான்குட்டியையும் வெட்டிப் பதிப்பது அதே உத்தியே.

போர்வை என்ற பயனிலிருந்து அலங்காரம் என்ற பக்கம் கைவேலை சாய்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருள்களைக் கண்டவர்களிடையே ஒழுங்கற்ற வடிவங்களின்மேல் நாட்டம் பிறந்தது. 1880-களில் பட்டு, வெல்வெட் துண்டுகளைக் கோணல்மாணலாக இணைத்து, இணைப்புகளின்மேல் பூத்தையல் போடும் ‘கிரேஸி குயில்ட்’ வரவேற்பறைக்கு வந்தது. குளிருக்கு அதை யாரும் போர்த்திக்கொள்ளவில்லை. பார்வைக்கு வைக்கத்தான் தைத்தார்கள்; அதே துண்டுகளில் திண்டு உறைகளும் ஊசி மெத்தைகளும் வந்தன. பின்னர் வந்த பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் நிலைமை தலைகீழானது. மாட்டுத் தீவனமும் மாவும் வந்த பூப்போட்ட சாக்குத் துணியே சட்டைக்கும் போர்வைக்கும் கைகொடுத்தது.

நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971-இல் அமெரிக்கக் குயில்ட்களைச் சுவரில் ஓவியம்போல மாட்டிக் காட்டியதும், 1976-இன் விடுதலை இருநூற்றாண்டும் இந்தக் கைவேலைக்குப் புது உயிர் கொடுத்தன. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த வட்டக் கத்தி, பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் நேர்க்கோடாக வெட்டியது. வெட்டும் வேகம் கூடியதும் மிச்சமும் கூடியது. பிற்பாடு இரண்டரை அங்குலப் பட்டைகளும் ஐந்து அங்குலச் சதுரங்களும் வெட்டியபடியே கட்டுகளாக விற்பனைக்கு வந்தன. மிச்சத்தில் தைப்பதற்காக மிச்சத்தின் அளவிலேயே புதுத் துணி வாங்குவது சிக்கனம் ஆகாது. ஆயினும் இன்று ‘துண்டுத் துணி வேலை’ என்ற பெயரில் நடப்பதில் கணிசமான பகுதி இதுதான்.

அலங்காரங்களை நாட்காட்டியே வகுக்கிறது. ஈஸ்டருக்கு வெளிர்நிற முட்டைகளும் முயல்களும். அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4-க்குச் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் முக்கோணக் கொடித் தோரணம். அக்டோபர் 31-இன் ஹாலோவீனும் நவம்பர் நான்காம் வியாழனின் அமெரிக்க நன்றி நாளும் பூசணி, இலை, ஆரஞ்சு, பழுப்பு நிறங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒரே பூசணி இரண்டுக்கும் உதவும். கிறிஸ்துமஸுக்கோ நிறைய: காலுறை வடிவப் பைகள், மரத்தடியில் விரிக்கும் வட்டத் துணி, டிசம்பரின் முதல் 24 நாள்களுக்கு 24 சிறு பைகள் தைத்த சுவர்த் தொங்கல். மரத்தடித் துணியில் ஓரத்திலிருந்து மையம்வரை ஒரு பிளவு விடப்படும். இல்லாவிட்டால் மரத்தை நட்டபின் சுற்றிப் போட முடியாது. 1840-களிலிருந்து அமெரிக்காவில் தைக்கப்பட்ட, வெள்ளைத் தளத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பூப்பதித்த பழைய குயில்ட்கள் இன்று கிறிஸ்துமஸ் போர்வைகளாகவே கண்ணில் படுகின்றன. உண்மையில் அவற்றுக்கும் பண்டிகைக்கும் தொடர்பில்லை. துவைத்தாலும் போகாத துருக்கிச் சிவப்பும் அதற்கு எடுப்பான பச்சையும் அக்காலத்தில் விரும்பப்பட்ட இணை, அவ்வளவே.

துணிப் பூசணி செய்முறை எளிது. நீளம் அகலத்தைப்போல் இருமடங்கு உள்ள துண்டு, எடுத்துக்காட்டாக 20-க்கு 10 அங்குலம், எடுக்கப்படுகிறது. நல்ல பக்கம் உள்ளே இருக்க, குறுகிய இரு ஓரங்களையும் இணைத்தால் குழல் கிடைக்கும். ஒரு வாயைச் சுற்றி இரட்டை நூலில் ஓடுதையல் போட்டு, இறுக இழுத்து முடிச்சிட்டு, வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பஞ்சடைத்தபின் மேல்வாயையும் அவ்வாறே மூடுவார்கள். பூசணிக்கு உருவம் கொடுப்பது அடுத்த வேலை. நீண்ட ஊசியில் தடித்த நூலைக் கோத்து, அடியிலிருந்து நடுவழியாக மேலே வாங்கி, வெளிப்பக்கம் சுற்றி மறுபடி அடிக்குக் கொண்டுவந்து இழுத்தால் ஒரு பள்ளம் விழும். ஆறு அல்லது எட்டு முறை இப்படிச் செய்ய, பத்தை பத்தையாகப் பிரிந்து பூசணி தெரியும். காம்புக்கு மரக்குச்சியோ லவங்கப்பட்டையோ செருகப்படுகிறது.

இன்னும் சிறிய துண்டுகளுக்கு யோ-யோ ஏற்றது. இங்கிலாந்தில் இதற்குச் சஃபோக் பஃப் என்று பெயர். 1920-களிலிருந்து 1940-கள்வரை அமெரிக்காவில் இதைக் கொண்டு முழுப் படுக்கை விரிப்புகளையே தைத்தார்கள். வட்டமாக வெட்டிய துணியின் ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து, சுற்றிலும் ஓடுதையல் போட்டு நூலை இழுத்தால், ஏறக்குறைய பாதி விட்டமுள்ள சுருக்குப் பூவாகிவிடும். தையல் நெருக்கமாக இருந்தால் நடுத்துளை நன்றாக மூடும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. நெருக்கமான தையலில் மடிப்புகள் பெருகி ஒன்றோடொன்று முட்டுவதால் துளை அகன்று நிற்கும். சற்று நீளமான தையலே அதை இறுக மூடும். பச்சை யோ-யோக்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு கம்பியில் கோத்தால் மேசைமேல் வைக்கும் கிறிஸ்துமஸ் மரம். தெர்மோகோல் உருண்டையில் முக்கோணமாக மடித்த சதுரங்களை வரிசை வரிசையாகக் குண்டூசியால் பொருத்தும் நட்சத்திரப் பந்துக்குத் தையலே தேவையில்லை.

ஜப்பானில் இதற்கு இணையான தனி மரபு உண்டு. மார்ச் 3-இல் பெண் குழந்தைகளுக்காக நடக்கும் பொம்மை விழாவின்போது, கிமோனோ மிச்சத்தில் தைத்த சிறு குரங்கு, பீச் பழம், பறவை ஆகியவற்றை நூலில் கோத்துத் தொங்கவிடுவார்கள். ஷிசுவோகாவின் இனடோரி, ஃபுகுவோகாவின் யனகாவா, யமகட்டாவின் சகாட்டா ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை.

தையலுக்கு விடும் ஓரம் குயில்ட் வேலையில் கால் அங்குலம். சிறு பொருளில் இது தவறினால் உடனே தெரியும்: எட்டு முக்கோணங்கள் கூடும் நட்சத்திரத்தில் ஒவ்வொன்றிலும் நூலிழை அளவு பிசகினாலும் நடுவில் குமிழ் எழும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் மூலைவாட்டில் வெட்டிய ஓரங்கள் இழுபடும். பதிப்பு வேலைக்குச் சூட்டில் ஒட்டும் பசைவலை உதவுகிறது. அது ஓரத்து நூல் பிரிவதையும் தடுக்கிறது.

துவைக்கவே போகாத தொங்கல்களுக்கு முன்துவையல் வேண்டாம். மேசை விரிப்புக்கு வேண்டும். பழையதும் புதியதுமான துண்டுகள் வேறுவேறு அளவில் சுருங்கும், அடர்சிவப்பு வெள்ளையில் இறங்கும். சூடான பாத்திரம் வைக்கும் விரிப்புக்குள் பாலியெஸ்டர் பஞ்சு கூடாது, அது இளகிவிடும்.

ஆண்டில் சில வாரமே வெளியே இருப்பதால் மீதி மாதங்களின் பாதுகாப்பே ஆயுளைத் தீர்மானிக்கிறது. வெயில் படும் சன்னலில் நிறம் வெளுக்கும். நிற்பதற்காக அரிசியோ பயறோ நிரப்பிய பூசணிகளை வண்டும் எலியும் தேடி வரும். ஆண்டுதோறும் ஒரே மடிப்பில் வைக்கப்பட்ட விரிப்பு அந்தக் கோட்டிலேயே நைந்துபோகும். ஆகவே அமிலமற்ற தாளை இடையே வைத்துச் சுருட்டுவது நல்லது. பூச்சில்லாத மரப்பெட்டியில் நேரடியாக வைத்த பருத்தியில் மரத்தின் அமிலம் பழுப்புக் கறையாக ஏறும்.