அனுமதி எப்போது முடிகிறது: லினக்ஸ் ஐஓஎம்எம்யு டிரைவர்களில் மாற்றச் சீராய்வின் வளர்ச்சி, 2004–2024

நெட்வொர்க் கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் நேரடியாக எழுதக்கூடியவை. எந்தச் சாதனம் எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்று வரம்பு கட்டுவது ஐஓஎம்எம்யு என்னும் வன்பொருள். அதன் அட்டவணைகளை எழுதுவதும் அழிப்பதும் கெர்னலில் உள்ள டிரைவரின் வேலை. இந்த டிரைவர்களுக்கு வந்த பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, கால வரிசையில் படித்தால், சீராய்வாளர்களின் கவனம் மெல்ல மெல்ல ஒரே கேள்வியில் வந்து குவிவது தெரிகிறது: கொடுத்த அனுமதி எந்தக் கணத்தில் உண்மையாகவே முடிகிறது?

அட்டவணைப் பதிவை நீக்கினால் போதும் என்று தோன்றும், போதாது. முன்பு பார்த்த பதிவுகளை ஐஓடிஎல்பி என்ற உள்தேக்ககத்தில் வன்பொருள் வைத்திருக்கிறது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாயில் மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் இறங்கிவிட்ட தண்ணீர் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், இங்கும் அப்படியே. அந்தத் தேக்ககத்தையும் செல்லாததாக்கி, அது முடிந்ததென வன்பொருள் தெரிவிக்கும்வரை காத்திருந்த பின்னரே பக்கத்தை வேறொருவருக்குத் தரலாம்.

சீராய்வின் சடங்குகள் இந்த டிரைவர்கள் வருவதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டன. லினக்ஸ் நிரலில் உரிமை கோரிய எஸ்சிஓ நிறுவனத்தின் வழக்கின் சூட்டில், 2004-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பேட்ச்களுக்கு ‘சைன்டு-ஆஃப்-பை’ வரியைக் கொண்டுவந்தார். அது நிரலைத் தரும் உரிமைக்கான உறுதிமொழி மட்டுமே. படித்துப் பார்த்தவரையும் பொறுப்பில் இழுத்துவிட்டது பின்னர் வந்த ‘ரிவ்யூடு-பை’ வரிதான்.

ஐபிஎம்மின் கால்கரி ஐஓஎம்எம்யு டிரைவர் 2006-இல் கெர்னலில் சேர்ந்தது. அசோக் ராஜ், அனில் கேசவமூர்த்தி உள்ளிட்டோர் எழுதிய இன்டெல் விடி-டி டிரைவர் 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்புடனும், யோர்க் ரோடல் எழுதிய ஏஎம்டி டிரைவர் அதே ஆண்டு அக்டோபரில் 2.6.27 பதிப்புடனும் வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் தேக்ககத்தை அழித்துக் காத்திருந்தால் வேகம் விழுகிறது. ஆகவே 2008-இல் இன்டெல் டிரைவரில் ஒத்திவைப்பு நுழைந்தது: 250 நீக்கங்கள் சேரும்வரை, அல்லது 10 மில்லி செகண்ட் ஆகும்வரை, பழைய அனுமதி உயிரோடு இருக்கலாம். வேண்டாதவர்கள் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற தேர்வைக் கொடுக்கலாம். ஏஎம்டியில் அதன் பெயர் ‘ஃபுல்ஃப்ளஷ்’. சாதனம் நம் பெட்டிக்குள் இருப்பது, ஆகவே நம்பத்தக்கது என்பதே அன்றைய துணிவு. அதைக் குற்றம் சொல்வது எளிது. சர்வர் அறைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே இருந்திருக்கும்.

இதற்கிடையே நடந்த ஒரு நிர்வாக மாற்றத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இன்டெலின் நிரல் பிசிஐ கோப்புறையிலும் ஏஎம்டியினுடையது எக்ஸ்86 கோப்புறையிலும் தனித்தனியே கிடந்தன. 2011-இல் இரண்டும் ஒரே ‘ஐஓஎம்எம்யு’ கோப்புறைக்கு, ரோடலின் பொறுப்பில் வந்தன. ஒரு நிறுவனத்தின் பேட்ச்சை மற்ற நிறுவனத்து ஆள் படிப்பது அதன்பின் இயல்பானது. 2013-இல் ஆர்ம் செயலிகளின் ஐஓஎம்எம்யுவான எஸ்எம்எம்யுவுக்கு வில் டீக்கன் எழுதிய டிரைவரும் அங்கேயே வந்து சேர்ந்தது.

பழைய துணிவு உடைந்தது 2019 பிப்ரவரியில். கேம்பிரிட்ஜ், ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘தண்டர்கிளாப்’ என்ற கட்டுரையில், தண்டர்போல்ட் துளையில் செருகும் தீய சாதனமொன்று ஐஓஎம்எம்யு இருந்தும் நினைவகத்துக்குள் நுழையும் வழிகளைக் காட்டினார்கள். அடுத்த மாதம் வெளிவந்த 5.0 கெர்னல், நம்பத்தகாத சாதனங்களுக்கு முகவரி மொழிபெயர்ப்பைத் தாமே தேக்கிக்கொள்ளும் ஏடிஎஸ் வசதியை மறுத்தது. ஆண்டு இறுதியில் வந்த 5.4-இல் இரண்டு மாற்றங்கள். அத்தகைய சாதனத்தின் சிறு தரவுகளை, ஒரே பக்கத்தில் இருக்கும் பிறர் தரவு கசியாதபடி இன்டெல் டிரைவர் தனிப் பக்கத்தில் நகலெடுத்தது. டீக்கன் எழுதிய ‘ஐஓடிஎல்பி கேதர்’ அமைப்போ, எந்தெந்த முகவரிகளின் அழிப்பு பாக்கி என்பதை நிரலிலேயே வெளிப்படையாக்கியது. சீராய்வாளர் ஊகிக்க வேண்டியிருந்த ஒன்று கண்ணுக்குத் தெரியும் கணக்காயிற்று.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவது. 2018-இலேயே அதன் சில்லில் லினக்ஸ் ஓடியது. ரிஸ்க்-ஃபைவுக்கான ஐஓஎம்எம்யு விதிமுறை 2023-இல்தான் இறுதியானது. டோமாஸ் யெஸ்னாக்கின் டிரைவர் அவ்வாண்டு ஜூலையில் முதன்முதல் முன்வைக்கப்பட்டு, 2024 அக்டோபரில் பத்தாம் வடிவத்தை எட்டி, 6.13 பதிப்பில் சேர்ந்தது. ஜேசன் கன்தார்ப், லு பாவொலு போன்ற சீராய்வாளர்கள் அதைப் படித்தார்கள். அந்த டிரைவரில் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. ஒரு செயலி பதிவை மாற்றிவிட்டு, அழிப்பு ஆணை யாருக்கெல்லாம் போகவேண்டும் என்று பட்டியலைப் பார்க்கிறது. அதே நேரம் இன்னொரு செயலி புதிய சாதனத்தை அப்பட்டியலில் சேர்க்கிறது. வரிசை பிசகினால் புதியவருக்கு ஆணை போகாது. ஆகவே இரு பக்கமும், எழுத்தும் வாசிப்பும் வரிசை மாறாமல் காக்கும் நினைவகத் தடுப்பு வேண்டும். எந்தச் சோதனை ஓட்டத்திலும் இந்தப் பிசகு எளிதில் சிக்காது. படிக்கும் கண்ணுக்கே சிக்கும்.

உள்நாட்டுச் சில்லு பற்றிய நம் பேச்செல்லாம் சிலிக்கானோடு நின்றுவிடுகிறது. ஆனால் டிரைவரைச் சீராய்வு செய்யச் சிலிக்கான் தேவையில்லை. கணினியையே மென்பொருளில் போலச் செய்யும் கியூஇஎம்யு, 2024 டிசம்பரில் வந்த 9.2 பதிப்பில் இதே ஐஓஎம்எம்யுவையும் போலச் செய்கிறது. ஆகவே சில்லு கையில் இல்லாமலே, திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களின் ஆய்வகக் கணினியில் இந்த டிரைவரை ஓட்டலாம், ஒரு பேட்ச்சைப் போட்டுப் பார்க்கலாம், அழிப்புக்குப் பின் காத்திருப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சீராய்வு அனுப்பலாம்.